550 சதுர அடியும் சின்னம்மாவின் அத்திவாரமும்

சித்தப்பாவிடம் 80 பக்கக் கொப்பி ஒன்று இருக்கிறது. மாணவன் பெயர் எழுதும் கோட்டில் 'வீடு' என்று எழுதியிருக்கிறார். 2013 மாசியிலிருந்து 2014 பங்குனி வரை அந்த வளவுக்குள் இறங்கிய ஒவ்வொரு சீமெந்துப் பையும், மேசனுக்குக் கொடுத்த ஒவ்வொரு நாட்சம்பளமும், அவருக்கு வாங்கிய வெற்றிலைவரைக்கும், அதில் இருக்கிறது. இந்த ஆய்வில் வரும் வீட்டுக் கணக்குகள் எல்லாம் அந்தக் கொப்பியிலிருந்து எடுத்தவை.

வீடு கிளிநொச்சி மாவட்டத்தில், கண்டாவளைப் பக்கம். போருக்குப் பிறகு இந்திய அரசின் நிதியில் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த பல்லாயிரம் வீடுகளில் ஒன்று. ஊரில் அதற்குப் பெயர் 'இந்தியன் வீட்டுத்திட்டம்'. அந்தக் குடும்பத்தின் கதையை எழுதுவதற்கு உறவு மட்டும் காரணமல்ல. அந்த வீடு எப்போது கட்டி முடிந்தது என்று கேட்டால் மூன்று பதில் வரும். அலுவலகக் கோப்பின்படி 2014 பங்குனி. சித்தப்பாவைக் கேட்டால் 2017. சின்னம்மா, "இன்னும் முடியேல்லையே தம்பி" என்பார். மூவரும் பொய் சொல்லவில்லை.

திட்டம் எப்படி வந்தது

2009 வைகாசியில் போர் முடிந்தபோது மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய சனம் செட்டிகுளம் மெனிக் பண்ணை முகாம்களுக்குள் இருந்தது. கடைசி ஆட்கள் வெளியேறி முகாம் மூடப்பட்டது 2012 புரட்டாதியில். சின்னம்மா குடும்பம் 2010இல் ஊருக்குத் திரும்பியது. வளவில் நின்றது கிணற்றுக் கட்டும் ஷெல்லடியில் தலை போன பனைகளும்தான். முதலில் தறப்பாள் கொட்டில். அப்புறம் தகரம் கிடைத்தது. வெயில் காலத்தில் தகரக் கொட்டிலுக்குள் மத்தியானம் இருக்க முடியாது. அம்மம்மா பகல் முழுக்க வேம்பின் கீழ்தான் கிடந்தார்.

2010 ஆனியில் இந்தியா 50,000 வீடுகளை அறிவித்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரரைக் கொண்டே கட்டினார்கள். அவை 2012 ஆடியில் முடிந்தன. இரண்டாம் கட்டத்தில் முறை மாறியது. 2012 ஒக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று தொடங்கிய அந்தக் கட்டத்தில் வீட்டைக் கட்டும் பொறுப்பு பயனாளிக் குடும்பத்திடமே கொடுக்கப்பட்டது. புதுவீட்டுக்கு 550,000 இலங்கை ரூபாய், திருத்த வேலைக்கு 250,000. பணம் கட்டம் கட்டமாக, வேலை முடிந்ததைப் பார்த்து உறுதிப்படுத்திய பிறகு, இந்திய உயர்ஸ்தானிகராலயத்திலிருந்து நேரே குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு வரும். ஐக்கிய நாடுகளின் ஹபிற்றாற், செஞ்சிலுவைச் சங்கம், ஹபிற்றாற் போர் ஹியூமனிற்றி, இலங்கையின் தேசிய வீடமைப்பு அதிகாரசபை ஆகிய நான்கும் மாவட்டங்களைப் பிரித்துக்கொண்டு வேலையை மேற்பார்த்தன. பிறகு மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு 4,000 வீடுகள் வந்தபோது தொகை 950,000 ஆகியிருந்தது. முழுத் திட்டத்துக்கும் இந்தியா ஒதுக்கியது 1,372 கோடி இந்திய ரூபாய்.

இடைத்தரகரும் கொந்தராத்துக்காரரும் இல்லாமல் பணம் நேரே தாயின் கணக்குக்கு வந்தது அந்த நாட்களில் சின்ன விஷயமில்லை. ஊரில் முதற்கட்டப் பணம் வந்த செய்தியை விதானையார் சொல்வதற்கு முன்னரே வங்கியில் வரிசை நின்றது.

தெரிவு புள்ளி முறையில் நடந்தது. ஆறு பேர் கொண்ட குடும்பம், சித்தப்பாவின் வலது காலில் 2009இல் பட்ட காயம், ஏணி ஏறவோ பாரம் தூக்கவோ முடியாது, வயதான அம்மம்மா. அதனால் முதல் பட்டியலிலேயே பெயர் வந்தது. பக்கத்து வளவில் கிழவனும் கிழவியும் இரண்டே பேர். அவர்களின் பெயர் வரவில்லை. ஆளெண்ணிக்கை குறைந்த வீட்டுக்குப் புள்ளியும் குறைவு. பிள்ளைகளைப் போரில் பறிகொடுத்ததால்தான் ஆளெண்ணிக்கை குறைந்தது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இருக்கவில்லை.

அத்திவாரம்

கொடுத்த வரைபடம் 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு கூடம், குசினி. 2013 மாசியில் சாத்திரியாரைக் கூப்பிட்டு நிலையம் பார்த்து, நாட்கல் வைத்தார்கள். அதுவரை சிக்கலில்லை. கயிறு பிடித்து அத்திவாரம் அளக்கத் தொடங்கிய அன்றுதான் சின்னம்மா சொன்னார்:

"தெற்குப் பக்கமா இன்னொரு அறைக்கும் முன்னால விறாந்தைக்கும் சேர்த்து வெட்டுங்கோ. அத்திவாரத்தைப் பெருசாப் போட்டால் வீட்டைப் பிறகு எப்பவும் பெருப்பிக்கலாம். சின்னனாப் போட்டால் ஒண்டும் செய்யேலாது."

அளவு 780 சதுர அடிக்குப் போனது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். நல்ல மனிசன். "அம்மா, காசு கூட்டித் தரமாட்டாங்கள். 550க்குத்தான் கணக்குப் போட்டிருக்கு. நீங்கள் அத்திவாரத்திலயே காசை விட்டால் கூரைக்கு என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார். அன்று நானும் அவர் பக்கம்தான் நின்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து சனி ஞாயிறுகளில் பஸ் ஏறி வந்து கைகொடுத்துப்போகிற எனக்கு, அந்தக் கூடுதல் 230 சதுர அடி வீண்பிடிவாதமாகத் தெரிந்தது.

இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். உத்தியோகத்தர் பார்த்தது ஆறு பேர் மழைக்கு நனையாமல் படுக்க ஒரு இடம். சின்னம்மா பார்த்தது 16 வயது மகளின் வீடு. எங்கள் வழக்கில் வீடு பெண்பிள்ளைக்குப் போவது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து எழுதுவித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் இருக்கிற சீதன முறை, சட்டமாக எத்தனை பேருக்குத் தெரியுமோ, பழக்கமாக எல்லோருக்கும் தெரியும். மருமகன் வந்து இருக்க அறை வேண்டும், தாய் தகப்பன் ஒதுங்கிக்கொள்ள இன்னொரு அறை வேண்டும், சம்பந்தம் பேச வருகிறவர்களை இருத்த விறாந்தை வேண்டும். 550 சதுர அடி வரைபடத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. திட்டத்தில் வீடு கட்டியவர்களில் அத்திவாரத்தைப் பெருப்பித்தவர் சின்னம்மா ஒருவரல்ல. எங்கள் ஒழுங்கையில் கட்டிய ஒன்பது வீட்டில் ஆறு வீடு வரைபடத்தைத் தாண்டியவை. அந்த ஆறிலும் பெண்பிள்ளைகள்.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. காணி சித்தப்பாவின் பெயரிலிருந்த அரச அனுமதிப்பத்திரக் காணி. அதை ஆளுவது தேசவழமை அல்ல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயரைக் குறிக்காமல் அனுமதிக்காரர் இறந்தால், அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம். அது 2022இல்தான் திருத்தப்பட்டது. சித்தப்பா இதைக் கேள்விப்பட்ட உடனேயே பிரதேச செயலகத்துக்குப் போய் மகளின் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். மூத்தவன் முகம் சுளிக்கவில்லை. "தங்கச்சிக்குத்தானே கட்டுறம்" என்று சொல்லிவிட்டு அலவாங்கை எடுத்தான். அவனுக்கு அப்போது 19 வயது.

அத்திவாரக் கிடங்கு முழுக்க வீட்டு ஆட்களே வெட்டினார்கள். இரண்டு இடத்தில் பழைய தகரத் துண்டும் ஒரு இரும்புக் கோதும் வந்தன. கண்ணிவெடி அகற்றிய காணி என்று அறிக்கை இருந்தாலும், கோது வந்த மூலையில் ஒரு நாள் முழுக்க யாரும் மண்வெட்டி போடவில்லை. அறிவித்து, ஆட்கள் வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் மறுபடி வெட்டு.

கல் அரிந்த இரண்டு மாதம்

கொப்பியின் தடித்த பகுதி இதுதான். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் வளவில் சீமெந்துக் கல் அரிந்தார்கள். 16 அங்குல நீளம், 8 உயரம், 6 அகலம். இரும்பு அச்சு ஒன்றை ஒழுங்கைக்காரர் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பாவித்தார்கள். மணலை அரிதட்டில் அரித்து, சீமெந்தைக் கலந்து, தண்ணீரை மட்டாக விட்டு, அச்சில் போட்டு இடித்து, பலகையில் கவிழ்த்துத் தூக்க வேண்டும். தண்ணீர் கூடினால் அச்சைத் தூக்கியதும் கல் வயிறு தள்ளும். குறைந்தால் மூலை உதிரும். சின்னம்மாவின் கைக்கு அந்தப் பதம் மூன்றாம் நாளே வந்துவிட்டது. பிட்டுக்குக் குழைக்கிற பதம்தான், வேறொன்றுமில்லை என்றார்.

ஒரு பைக்கு 30 கல். விற்கிறவர்கள் அதே பையில் 40க்கு மேல் எடுப்பார்கள். அந்தக் கல் இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தால் இரண்டாகும். மூத்தவனும் சின்னம்மாவும் ஒரு நாளைக்கு 80 கல் அரிந்தார்கள். தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வந்து மணல் அரிப்பாள். 11 வயதுக் கடைக்குட்டிக்கும் சித்தப்பாவுக்கும் தண்ணீர் அடிக்கிற வேலை. அரிந்த கல்லை நிழலில் அடுக்கி, சாக்குப் போட்டு மூடி, காலையும் பின்னேரமும் நனைக்க வேண்டும். சித்தப்பா ஒரு கதிரையைக் கல்லடுக்குக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, எந்த வரிசை எந்த நாள் அரிந்தது என்று சுண்ணக்கட்டியால் எழுதிவைப்பார். 14 நாள் நனையாத கல்லைச் சுவருக்குப் போக விடமாட்டார். பாரம் தூக்க முடியாத மனிசன் அந்த வீட்டுக்குச் செய்த பெரிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன். பத்து வருசம் கழித்தும் அந்தச் சுவரில் ஆணி அடிப்பது பெரிய பாடு.

1,700 கல். கடைக் கல்லின் விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் 15,000 ரூபாய்க்கு மேல் வராது. வீட்டு ஆட்கள் கல் அரிந்ததால் பெருந்தொகை மிஞ்சியது என்று கூட்டங்களில் சொல்வார்கள். எங்கள் கணக்கு அதைக் காட்டவில்லை. தரம்தான் இலாபம். காசு உண்மையில் மிஞ்சியது முட்டாள் வேலையில்.

வெளியூர் ஆட்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுத்து முட்டுக்கொடுக்கிற ஆளுக்கு 'முட்டாள்' என்றுதான் பெயர். அதில் ஏச்சு ஒன்றும் இல்லை. அப்போது மேசனுக்கு நாளைக்கு 1,500, முட்டாளுக்கு 1,000. இரண்டு மேசன்மார் 60 நாளுக்கு மேல் வேலை செய்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட இரண்டு முட்டாளும் சின்னம்மாவும் மூத்தவனும்தான். ஆக 120,000 ரூபாய்க்கு மேல் வெளியே போகவில்லை. அந்த 60 நாளும் சின்னம்மா கூலிக்குக் களை பிடுங்கப் போகவில்லை, மூத்தவன் கடலுக்குப் போகவில்லை. ஆறு பேரும் எதைச் சாப்பிட்டார்கள் என்பது கொப்பியில் இல்லை. நிவாரண அரிசியும் முருங்கை இலையும் என்று தங்கச்சி பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

லின்ரல் மட்டம்

வைகாசியில் அத்திவாரம் முடிந்தது, ஆனியில் சுவர் எழுந்தது. சுவர் லின்ரல் மட்டத்துக்கு, அதாவது கதவு யன்னலின் தலைமட்டத்துக்கு, வந்ததும் எல்லாம் நின்றது.

மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான வீடு ஒரே நேரத்தில் ஏறுகிறது. போருக்கு முன் இருந்த மேசன்மாரில் பலர் செத்துவிட்டார்கள், பலர் வெளிநாட்டில். இருந்தவர்கள் ஒரே நேரத்தில் நான்கு வீட்டில் கையை வைத்துவிட்டு, எந்த வீட்டுக்குக் கட்டப்பணம் வருகிறதோ அங்கே போவார்கள். அடுத்த கட்டப் பணம் வர ஐந்து கிழமை எடுத்தது. ஆள் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும், கடிதம் மேலே போக வேண்டும். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பணம் சரியான கைக்குப் போகிறதா என்று பார்க்கிற அதே ஏற்பாடுதான் அதைத் தாமதமும் ஆக்கியது. ஆனால் அந்த ஐந்து கிழமைக்குள் மணல் கியூபுக்கு விலை ஏறியது, எங்கள் மேசன்மார் இரண்டு பேரும் வேறு ஒழுங்கைக்குப் போய்விட்டார்கள்.

மூத்தவனுக்குப் பொறுமை இல்லை. இரண்டு மாதம் மேசனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே. சாந்தகப்பையை எடுத்து, குசினியின் பின்சுவரில் மிச்சமிருந்த ஐந்து வரியைத் தானே கட்டினான். நூல் பிடித்தான், மட்டம் வைத்தான். தூக்குக்குண்டு மட்டும் போடவில்லை. மேசன் திரும்பி வந்து குண்டு பிடித்துப் பார்த்தபோது சுவர் வெளிப்பக்கமாக ஒரு அங்குலம் சாய்ந்திருந்தது.

"இடிச்சுப்போட்டுக் கட்டுவம்" என்றார் மேசன்.

மூத்தவன் ஒன்றும் பேசவில்லை. சித்தப்பா கதிரையிலிருந்தபடியே ஐந்து வரிக்கும் எத்தனை கல், எத்தனை தாச்சி சாந்து என்று எண்ணினார். "விடு. பூச்சில மொத்தமாப் பிடிச்சு நேராக்கிவிடு" என்றார். மேசன் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார். தொழில்படி மேசன் சொன்னதுதான் சரி. லின்ரலுக்கு மேல் பாரம் குறைந்த சுவர் என்பதால் தப்பியது. கீழ்வரியாக இருந்திருந்தால் நானே இடிக்கச் சொல்லியிருப்பேன்.

மழைக்கு முன்னால் கூரை

வன்னியில் வீடு கட்டுகிறவனுக்கு ஐப்பசிதான் எல்லை. அதற்குள் கூரை ஏறாவிட்டால், நனைந்த சுவரோடும் ஊறிய மணலோடும் தை பிறக்கும்வரை குந்தியிருக்க வேண்டும்.

வளவில் விழுந்து கிடந்த பனைகளை அரிந்து கூரைக்குச் சிலாகை எடுக்கலாம் என்றுதான் முதலில் கணக்குப் போட்டிருந்தார்கள். மரஆலைக்காரர் வந்து ஒரு குற்றியைக் கோடாலியால் கொத்திப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றார். உள்ளே ஷெல் துண்டு. வாள் பட்டால் பல் போய்விடும், தெறித்தால் ஆள் போய்விடும். வன்னி மரங்களில் பாதிக்கு இந்தக் கதைதான். ஆக மரம் முழுவதையும் காசுக்கு வாங்க வேண்டி வந்தது. சின்னம்மாவின் காப்பு இரண்டும் அடைவுக்குப் போனது அந்தக் கிழமைதான்.

சிலாகையும் ரீப்பையும் ஏறிய பிறகு ஓடு ஏற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒழுங்கைச் சனம் அவ்வளவும் வந்தது. கீழிருந்து மேல்வரை வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி ஓட்டை ஏற்றினோம். பட்டியலில் பெயர் வராத பக்கத்து வளவுக் கிழவன் ஏணியின் கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னேரம்வரை கையை எடுக்கவில்லை. அம்மம்மாவும் கிழவியும் கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினார்கள். 640 சதுர அடிக்குத்தான் கூரை. விறாந்தையும் தெற்கு அறையும் அத்திவாரத்தோடு நின்றன. உத்தியோகத்தர் சொன்னது அவ்வளவும் நடந்துவிட்டது என்று நான் மனசுக்குள் நினைத்தேன். ஒன்பதாம் நாள் மழை பிடித்தது.

கணக்கு

மார்கழியில் உட்பூச்சு இல்லை, உள்ளறைகளுக்குக் கதவு இல்லை. தையில் வீடு குடிபூர்ந்தார்கள். தை விட்டால் நல்ல மாதத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று அம்மம்மா ஒற்றைக்காலில் நின்றார். சேலையைக் கதவுக்குப் பதிலாகக் கட்டிவிட்டுப் பால் காய்ச்சினார்கள். பங்குனியில் முன்கதவு, பின்கதவு, யன்னல், நிலச்சாந்து, வெளிப்பூச்சு எல்லாம் சரிபார்த்துக் கடைசிக் கட்டப்பணம் வந்தது. சுவரில் பெயர்ப்பலகை ஏறியது. கோப்பில் வீடு முடிந்தது.

அன்றுவரை கொப்பியின் கூட்டுத்தொகை 870,000 ரூபாய். சீமெந்து 170 பை, பைக்கு 900 ரூபாய்ப்படி 153,000. மரமும் ஓடும் 230,000; எல்லாவற்றிலும் பெரிய செலவு அதுதான். மேசன் கூலி 185,000. கதவு, யன்னல், நிலை 120,000. மணல், கருங்கல், சல்லி 110,000. கம்பி 25,000. மிச்சம் 47,000 ஏற்றுக்கூலி, ஆணி, வயர், பூசை, வெற்றிலை.

திட்டம் கொடுத்தது 550,000. இடையில் நிற்கிற 320,000 எங்கிருந்து வந்தது? காப்பும் சங்கிலியும் அடைவு வைத்து 110,000. கனடாவிலிருந்து பெரியம்மா அனுப்பியது 100,000. சீட்டை முன்கூட்டிக் கேட்டு எடுத்தது 60,000. இரும்புக்கடைக் கடன் 50,000. பெரியம்மாவின் காசைத் தவிர மற்றதெல்லாம் திருப்பிக் கட்டவேண்டியவை. சின்னம்மா நுண்கடன் கொம்பனிக்காரரை வளவுக்குள் விடவில்லை. அது அவரின் கெட்டித்தனம். ஒழுங்கையில் விட்டவர்கள் கிழமைக்குக் கிழமை தவணை கட்டக் கஷ்டப்பட்டதை 2018வரை பார்த்தோம். அந்த வருசம்தான் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது.

அத்திவாரத்தைப் பெருப்பித்ததால்தான் கடன் வந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கொப்பியைப் பார்த்தால் அது பாதி உண்மை. கூடுதல் அத்திவாரத்துக்கும் கூடுதல் 90 சதுர அடிக் கூரைக்கும் சித்தப்பா பிரித்து எழுதிய தொகை 130,000. அதை முழுதாகக் கழித்தாலும் 550 சதுர அடி வீட்டுக்கு 740,000 போயிருக்கும். வரைபடத்துக்குள் அடங்கிக் கட்டிய மூன்று வீட்டுக்காரரும் கடன்பட்டவர்கள்தான். உதவித்தொகை நிர்ணயித்தபோது இருந்த விலை வேறு, எல்லாரும் ஒன்றாகக் கட்டத் தொடங்கியபோது ஏறிய விலை வேறு.

உருக்கு வீடு

2016இல் அரசாங்கம் 65,000 வீட்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பன்னாட்டு உருக்கு நிறுவனம் ஒன்று முன்கூட்டியே செய்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தித் தரும். ஒரு வீடு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். அத்திவாரம் சரியில்லை, எங்கள் வெக்கைக்குச் சரிவராது, ஒரு வீட்டுக் காசில் இரண்டு கல்வீடு கட்டலாம் என்று அரசியல்வாதிகளும் பொருளியலாளரும் எதிர்த்தார்கள். திட்டம் நகரவில்லை.

எனக்கு அதில் பட்டது வேறொன்று. அந்த 21 இலட்சத்தில் ஊருக்குள் இறங்கும் காசு எவ்வளவு? சின்னம்மாவின் 870,000இல் மேசன்மார் இரண்டு பேர், ஒரு தச்சர், மணல் ஏற்றிய லான்ட்மாஸ்டர்காரர், இரும்புக்கடை, மரஆலை எல்லாரும் கிளிநொச்சிக்குள்ளேயே சம்பாதித்தார்கள். மூத்தவன் ஒரு தொழில் படித்தான். சித்தப்பாவிடம் அந்த உருக்கு வீட்டைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "அதில பிறகு விறாந்தை சேர்த்துக் கட்டலாமோ?"

அதற்காக நாங்களே கட்டுகிற முறை எல்லாருக்கும் பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். பக்கத்து வளவுக் கிழவனும் கிழவியும் பிறகு வந்த பட்டியல் ஒன்றில் தெரிவானார்கள். கல் அரிய ஆளில்லை, முட்டாள் வேலைக்கு ஆளில்லை. எல்லாம் கூலிக்கு. சுவரோடு காசு முடிந்தது. அந்த வீட்டுக் கூரையை ஒழுங்கை ஆட்கள்தான் சேர்ந்து போட்டார்கள், ஓட்டுக்குப் பதில் தகரத்தில். உழைக்கிற கை இல்லாத வீட்டுக்குக் காசை மட்டும் கணக்கில் போட்டுவிட்டு 'நீங்களே கட்டுங்கள்' என்பது கொடுமை. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு முதற்கட்டத்தின் ஒப்பந்தக்காரர் முறையே மேல்.

பிறகு

மூத்தவன் 2015இல் கட்டாருக்குப் போனான், கட்டட வேலைக்கு. ஏஜென்சியில் என்ன தொழில் தெரியும் என்று கேட்டபோது 'மேசன்' என்று சொன்னானாம். அவன் அனுப்பிய முதல் காசில் இரும்புக்கடைக் கடன் தீர்ந்தது. இரண்டாம் வருசம் காப்பும் சங்கிலியும் மீண்டன. 2016இல் விறாந்தை எழுந்தது, 2017இல் உட்பூச்சும் அறைக் கதவுகளும். சித்தப்பா கொப்பியில் கோடு கீறிக் கையெழுத்து வைத்தது அப்போதுதான்.

தன் கையால் கல் அரிந்து கட்டிய வீட்டில் மூத்தவன் படுத்திருக்கிற நாட்களை எண்ணிப் பார்த்தால் இரண்டு வருசமும் வராது. இந்த வரவுசெலவில் என்னால் எந்தப் பக்கத்திலும் எழுத முடியாத தொகை அது.

தங்கச்சியின் கலியாணம் 2019 ஆவணியில். மூத்தவன் மூன்று கிழமை லீவில் வந்தான். வந்த அன்று குசினிப் பின்சுவருக்குப் போய், பூச்சு மொத்தமாக இருந்த இடத்தைக் கைமுட்டியால் தட்டிப் பார்த்தான். "கோறையாத்தான் கேக்குது" என்றான். கட்டாரில் தூக்குக்குண்டு போடாமல் ஒரு வரிகூட வைக்க விடமாட்டார்களாம்.

கலியாணம் வளவிலேயே. மண்டபத்துக்குக் காசு இல்லை என்பதோடு, அம்மம்மாவுக்கு வீட்டில்தான் நடக்க வேண்டும். மணவறைக்கு இடம் பார்த்தபோது முற்றம் முழுக்கச் சரிவு. தெற்கு அறைக்குப் போட்ட அத்திவாரம் மட்டும் மண் நிரப்பி இறுக்கி, ஆறு வருச மழைக்கும் அசையாமல், மட்டமாகக் கிடந்தது. மூத்தவன் அதன் மேல் ஒரு நாள் சாந்து போட்டு இழுத்தான். மணவறை அதில் ஏறியது. அந்த அறையை 2020இல் எழுப்புவதாகத்தான் பேச்சு. கொரோனா வந்தது, அப்புறம் 2022இல் ஒரு பை சீமெந்து 3,000 ரூபாயைத் தாண்டியது. இப்போது அம்மம்மா அதில் ஒடியல் காயவைக்கிறார். மழை இருட்டினால் அள்ளிக்கொண்டு விறாந்தைக்கு ஓட நாலு அடிதான்.